சாரலும் அருவியும்

தென்காசியிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில் குற்றாலம் இருக்கின்றது. ஆனித் திங்கள் பிறந்ததும், மலைக்கு அப்பால் மலையாள நாட்டில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் ஒரு சிறு கூறு, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றோடு கலந்து தென்காசிச் சீமைக்குள் நுழைகின்றது. மழை என்று சொல்லும் அளவுக்கு அதிற் கனம் இல்லை. பனி என்று சொல்லும் அளவுக்கு அது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. வெயில் காயும்போதே முகத்தில் வந்து படியும் அந்நுண்டுளியைச் சாரல் என்பர். சாரல் பட்டவுடன் கடைவீதியில் நிற்பவனும் ஒருகணம் மேற்கே திரும்பி மலையைப் பார்ப்பான். பேரருவியில் நீர் விழத் தொடங்கியிருக்குமோ என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் எழும். மாலையில் துண்டைத் தோளில் இட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவான்.

சாரல் அருவியின் வரவை அறிவிக்கின்றது. ஆயினும் அது வெறும் அறிவிப்பு அன்று. எந்த மழை மலைமுகட்டிற் பெய்து அருவியாய் விழுகின்றதோ, அம்மழையின் துளியே சாரலாகவும் வருகின்றது. அருவியின் குளிர்ச்சி சாரலிலும் இருக்கின்றது. அதனாற்றான் சாரலை நம்பிச் சென்றவர்கள் ஏமாறுவது அரிது.

எழுதுவோர்க்கும் இத்தகைய சாரல் ஒன்று தேவைப்படுகின்றது. நூல் எழுதுதல் ஒரு தொழில். அந்நூலைப் படிப்பாரிடம் கொண்டு சேர்த்தல் மற்றொரு தொழில். முன்னாளில் அச்சகமும் பணமும் உடையோரே தம் எழுத்தை ஊரறியச் செய்ய முடிந்தது. இந்நாளில் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் இணையத்தில் தமக்கென ஒரு பக்கம் அமைத்துக்கொண்டு கட்டுரையும் கதையும் எழுதலாம். அதனை வலைப்பூ என்பர். எழுதுவது எளிதாகிவிட்டது; ஆனால் படிப்பவர் தாமாகத் தேடிவருவது எளிதாகவில்லை. ஆகவே எழுதியவர், தாம் எழுதியிருப்பதைச் சிறு குறிப்பொன்றால் நண்பர்க்கும் பிறர்க்கும் தெரிவிக்கின்றனர். முகநூல் முதலிய சமூக ஊடகங்களில் இடப்பெறும் இச்சிறு குறிப்புக்கு நிலைத்தகவல் என்று பெயர். பேச்சு வழக்கில் ஸ்டேட்டஸ் என்கின்றனர். வாட்ஸ்அப் நிறுவனம் 2017ஆம் ஆண்டு கொண்டுவந்த நிலைத்தகவல், இட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம் மட்டுமே நிற்கும். பிறகு தானே மறைந்துவிடும். ஒரு நாள் வாழ்வுடைய சிறு குறிப்பைக்கொண்டு பல்லாண்டு நிற்க வேண்டிய எழுத்துக்குப் படிப்பாரைச் சேர்ப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வினா புதிய கருவியைப் பற்றியதாகத் தோன்றினும், பழைய வினாவே ஆகும். குற்றாலத்துக்கே உரிய நூலாகிய திருக்குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். அதனை இயற்றியவர் தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். அந்நாடகத்தில் கடவுள் வாழ்த்து முதலியன முடிந்தவுடன் முதலில் மேடைக்கு வருபவன் தலைவனும் அல்லன், தலைவியும் அல்லள். கட்டியக்காரன் என்னும் அறிவிப்பாளன். திரிகூடநாதர் பவனி வருகின்றார் என்று அவன் கூறுகின்றான். பிறகு பவனி வருகின்றது. அதனைக் காண மகளிர் திரண்டு ஓடிவருகின்றனர். அதன் பின்னரே வசந்தவல்லி தோன்றுகின்றாள். கட்டியக்காரன் நிற்பது சிறிது நேரமே. தன் வேலை முடிந்ததும் அவன் ஒதுங்கிவிடுகின்றான். அறிவிப்பவன் பவனியை மறைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிடுவானாயின், கூட்டம் அவனைப் பார்த்துவிட்டுக் கலைந்து போகும். நாள்தோறும் பத்து நிலைத்தகவல் எழுதி, எழுத எண்ணிய கட்டுரையை எழுதாமலே விட்டுவிடும் சிலருக்கு இக்கட்டியக்காரனை நினைவூட்டலாம்.

அந்நூலிலேயே வேறொரு நுட்பமும் உண்டு. குறி சொல்ல வந்த குறத்தி, வந்தவுடன் கையை நீட்டச் சொல்லிக் கூலி கேட்கவில்லை. வசந்தவல்லி வினவ, முதலில் தன் மலையின் வளத்தைப் பாடுகின்றாள். குரங்கும் கனியும் அருவியும் வானவரும் அப்பாட்டில் வந்து செல்கின்றனர். கேட்பவள் உள்ளம் மலையில் ஈடுபட்ட பின்னரே நாட்டு வளமும், குலமும், தொழிலும், இறுதியிற் குறியும் வருகின்றன. இன்றும் குறவஞ்சியை முழுமையாகப் படித்தவருட் பலர், முதலில் பள்ளிப் பாடநூலில் அம்மலைவளப் பாட்டு ஒன்றைக் கற்றுச் சுவைகண்டு, பின் நூலைத் தேடிச் சென்றவர்களே. அப்பாட்டு நூலைப் பற்றிய விளம்பரம் அன்று. நூலின் ஒரு பகுதி. ஆயினும் எந்த விளம்பரமும் செய்ய முடியாத பணியை அது செய்து வருகின்றது.

நூலுக்கு முன் நிற்க வேண்டிய சொற்கள் யாவை என்பதைத் தமிழ் இலக்கணம் வரையறுத்து வைத்திருக்கின்றது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். அதற்குப் பாயிரம் என்று பெயர். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், பாயிரத்தைப் பற்றிப் பேசிய பின்னரே எழுத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றது. எத்துணைப் பெரிய நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது அவர் கொள்கை. சிறப்புப் பாயிரத்தில் நூல் செய்தவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், தொடர்ந்த முறை, சொல்ல எடுத்துக்கொண்ட பொருள், அதனைக் கேட்டற்கு உரியார், கேட்டதனால் வரும் பயன் ஆகிய எட்டும் விளங்க வேண்டும். காலமும் களனும் காரணமும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். இப்பதினொன்றையும் கைப்பேசித் திரையில் அடக்குதல் இயலாது. அடக்க வேண்டுவதும் இல்லை. ஆனால் பொருள், கேட்போர், பயன் என்னும் மூன்றும் இல்லாத நிலைத்தகவல் எவரையும் அழைப்பதில்லை. "புதிய கட்டுரை எழுதியுள்ளேன், அனைவரும் படியுங்கள்" என்பதில் இம்மூன்றனுள் ஒன்றேனும் இருக்கின்றதா என்று பார்த்தால் அதன் வறுமை புலப்படும். அனைவர்க்கும் என்று எழுதப்பெற்றது ஒருவர்க்கும் உரியதாவதில்லை.

நன்னூலார் இதனோடு நிறுத்தவில்லை. சிறப்புப் பாயிரத்தை யார் செய்ய வேண்டும் என்பதையும் சொல்கின்றார். நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், அந்நூலுக்கு உரை செய்தவன் ஆகியோரே அதற்கு உரியர். நூல் செய்தவன் தானே செய்தல் கூடாது. அது தற்புகழ்ச்சி ஆகும். இவ்விதியை வகுத்தவர்கள் உலகியலை நன்கு அறிந்தவர்கள். ஒருவன் தன் நூல் நன்று என்று ஆயிரம் முறை கூறுவதினும், அதனைப் படித்த வேறொருவன் ஒருமுறை கூறுவது வலிமை உடையது. இன்று சமூக ஊடகத்தில் ஒருவர் எழுதிய குறிப்பைப் பிறர் எடுத்துத் தம் நண்பர்க்கு அனுப்புவதைப் பகிர்தல் என்கின்றனர். அங்ஙனம் பகிர்பவர் யாரென்று நோக்கினால் பெரும்பாலும் ஆசிரியரும், உடன் பயின்றவரும், மாணவரும், அப்பொருளில் ஈடுபாடுடைய அறிஞருமாகவே இருப்பர். நன்னூலார் காட்டிய நால்வரும் இன்னும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றனர்.

அவ்வாறாயின் யாரும் அறியாத புதிய எழுத்தாளன் வாய் திறத்தலே கூடாதோ என்னும் ஐயம் எழும். நன்னூலார் இதற்கும் வழி விட்டிருக்கின்றார். நான்கு இடங்களில் புலவன் தன்னைத் தானே புகழ்ந்து கூறலாம் என்பர். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் இடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னை இகழ்ந்தவிடத்தும் அது தகும். இவற்றுள் இரண்டாவது இடம் புதியோர்க்கு உரிய வாயில். தெரியாதவர்க்குத் தன்னைத் தெரிவித்தல் குற்றம் அன்று. எங்ஙனம் தெரிவிப்பது என்பதிலேதான் வெற்றியும் தோல்வியும் உள்ளன. இதற்குச் சான்றாகத் தென்காசிக்கு அருகிலேயே நிகழ்ந்த வரலாறு ஒன்று உண்டு.

தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில், மலையடிவாரத்தில் கடையம் என்னும் ஊர் இருக்கின்றது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அம்மாவட்டத்துள் அடங்கிய ஊர் அது. சுப்பிரமணிய பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊரும் அதுவே. புதுச்சேரியில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியார் 1918ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வூரை விட்டுப் புறப்பட்டபோது கடலூருக்கு அருகிற் சிறைப்படுத்தப்பெற்றார். டிசம்பரில் விடுதலையாகிக் கடையத்துக்கு வந்து சேர்ந்தார். வறுமை அவரை விடவில்லை. 1919ஆம் ஆண்டில் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார். நன்னூல் அனுமதித்த முதல் இடம் அது. தம் புலமையைத் தயங்காது உரைத்தார். அதனாற் பயன் விளையவில்லை.

பின்னர் 1920ஆம் ஆண்டில் கடையத்திலிருந்து நண்பர்க்கும் அன்பர்க்கும் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தாம் எழுதி வைத்திருப்பவற்றை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படி அச்சிடப் போவதாக அதிற் கூறினார். அந்நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதுபோலத் தமிழ்நாடெங்கும் எளிதாக விற்கும் என்பது அவர் நம்பிக்கை. இதற்கு வேண்டிய பணத்தைக் கடனாகத் தருமாறு வேண்டி, தருவோருக்கு வட்டி உண்டென்றும் உறுதி கூறினார். நாலு லட்சம் படி என்னும் எண்ணிக்கை இன்றும் வியக்கத்தக்கது. வேண்டிய பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு, 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

இந்த அறிக்கையை அவருடைய பேதைமை என்று சிலர் எண்ணலாம். அஃது ஏற்கத்தக்கது அன்று. படிப்பார் தொகையை அவர் கணித்தது தவறன்று. காலத்தையே அவர் முந்திவிட்டார். எழுத்தறிந்தோர் அன்று சிலரே. அவருள்ளும் அரசுக்கு அஞ்சாதார் மிகச் சிலர். ஆயினும் மற்றொன்றையும் கருத வேண்டும். அவ்வறிக்கையில் முன்னின்றவை நூல்களின் தொகை, படிகளின் எண்ணிக்கை, செலவு, ஆதாயம், வட்டி என்பனவே. அது செல்வரின் பணப்பையை நோக்கிப் பேசியது. செவியை நோக்கிப் பேசவில்லை. அவர் செவியை நோக்கிப் பேசியபோது நிகழ்ந்தது வேறு. 1907ஆம் ஆண்டிற் சென்னையில் வி. கிருஷ்ணசாமி ஐயர் என்னும் வழக்கறிஞர் பாரதியார் வாயால் அவர் பாடல்களைக் கேட்டார். அரசியலில் ஐயர் மிதவாதி. பாரதியார் அக்கட்சியைக் கடுமையாகத் தாக்கி வந்தவர். எனினும் பாடலைக் கேட்ட ஐயர் உள்ளம் உருகி, அவற்றுள் மூன்றைத் தம் செலவில் 15,000 படி அச்சிட்டு இலவசமாகப் பள்ளிகளுக்கும் பிறர்க்கும் வழங்கச் செய்தார். சில பக்கமே கொண்ட அச்சிறு வெளியீட்டை நம் காலத்து நிலைத்தகவலுக்கு முன்னோடி என்று சொல்லலாம். அதில் புகழுரை இல்லை, வேண்டுகோள் இல்லை, பாட்டே இருந்தது. அதனைப் பரப்பியவரும் பாட்டை எழுதியவர் அல்லர், கேட்டவர்.

பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. பின்னர் அவை மக்களின் பொதுவுடைமை ஆயின. நாலு லட்சம் என்ற கணக்கு என்றோ கடக்கப்பெற்றுவிட்டது. அதனைக் காண அவர் இருக்கவில்லை.

கடையத்திலிருந்து வடக்கே வந்து குற்றாலத்தை அடைந்தால், வேறு முறையில் படிப்பாரைத் திரட்டிய ஒருவரைக் காணலாம். அவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். டி.கே.சி. என்ற எழுத்துகளாலேயே தமிழுலகம் அவரை அறியும். தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தினர், சட்டம் பயின்றவர், சட்ட மேலவையில் உறுப்பினராகவும், அறநிலையங்களின் ஆணையராகவும் பணிபுரிந்தவர். ஆனால் அவர் பெயர் நிற்பது இப்பதவிகளால் அன்று. திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலிருந்த அவர் வீட்டு முற்றத்தில் ஞாயிறுதோறும் மாலையில் அன்பர்கள் கூடுவர். வட்ட வடிவமான தொட்டிக்கட்டில் கூடியமையால் அக்கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில் அவர் குற்றாலத்திற் குடியேறினார். சாரல் காலத்தில் அவ்வீட்டில் விருந்தினர்க்குக் குறைவே இராது. ராஜாஜியும் கல்கியும் அங்கு வந்து தங்கிக் கவிதை கேட்டவர்கள்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை எளிதன்று. கம்பராமாயணம் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம். அக்காலத்தில் ஆங்கிலம் கற்றோர் அதனைப் புலவர்க்கு உரிய கடினமான நூலென்று ஒதுக்கி வைத்திருந்தனர். "கம்பனைப் படியுங்கள், நமது பெருஞ்செல்வம் அது" என்று மேடையில் முழங்கியிருந்தால் தலையசைத்துவிட்டு வீடு சென்றிருப்பார்கள். டி.கே.சி. அங்ஙனம் செய்யவில்லை. ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். அதனைத் தாளத்தோடும் உணர்ச்சியோடும் பாடுவார். ஓரடியில் நிற்பார், மீண்டும் பாடுவார், எந்தச் சொல் எந்த இடத்தில் நின்று என்ன செய்கின்றது என்பதைப் பேச்சுத் தமிழிலேயே காட்டுவார். கேட்டவர்க்கு அன்று ஒரு பாட்டுத்தான் கிடைத்தது. ஆனால் அப்பாட்டு முழுமையாகக் கிடைத்தது. வீடு சென்றபின் அடுத்த பாட்டைத் தாமே தேடத் தொடங்கினர்.

வட்டத்தொட்டிக்கு வர இயலாத அன்பர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். நிலைத்தகவலுக்கு மிக அணுக்கமான பொருள் இக்கடிதங்களே. குற்றாலத்திற் சாரல் எப்படி இருக்கின்றது, யார் வந்தனர், என்ன உண்டோம், எந்தப் பாட்டு அன்று நெஞ்சை அள்ளியது என்பனபோன்ற அன்றாடச் செய்திகளோடு அக்கடிதங்களிற் கவிதையும் கலந்து வரும். நடை பேச்சு நடை. எதிரில் அமர்ந்து உரையாடுவது போன்றது. நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் அக்கடிதங்களைப் பெற்றவர்கள். ஒவ்வொரு கடிதமும் பெயர் சொல்லி ஒருவர்க்கே எழுதப்பெற்றது. ஆயினும் பெற்றவர்கள் அவற்றைப் பேணி வைத்தமையால், அவர் மறைந்த பின்னர் அவை நூலாகத் தொகுக்கப்பெற்று எல்லார்க்கும் உரியவாயின. தமிழில் கடித இலக்கியம் என்று பேசுவோர் அத்தொகுப்பை விடுத்துப் பேசுவதில்லை.

கடிதத்திலும் பேச்சிலும் சுவைகண்ட கூட்டம் பெருகிய பின், கல்கி இதழில் கம்பன் பாடல்களுக்கு விளக்கம் எழுதினார். அது "கம்பர் தரும் ராமாயணம்" என்னும் நூலாயிற்று. 1939ஆம் ஆண்டில் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது டி.கே.சி. அதற்குத் துணை நின்றார். பிறகு பல ஊர்களிலும் கம்பன் கழகங்கள் எழுந்தன.

இம்முறையில் குறை இல்லாமலும் இல்லை. தமக்குச் சுவையாகத் தோன்றாத பாடல்களையெல்லாம் கம்பன் பாடியவை அல்ல, இடையிற் புகுந்தவை என்று டி.கே.சி. ஒதுக்கினார், சில இடங்களிற் சொல்லையும் மாற்றினார். ஏட்டுச்சுவடியை ஒப்புநோக்கிப் பாடம் காணும் புலவர்கள் இதனை வன்மையாக மறுத்தனர். அவர்கள் மறுத்ததே முறை. சாரல் இனிது என்பதற்காக அருவியின் பாதியை அடைத்துவிடுதல் கூடாது. ஆனால் அவரால் கம்பனிடம் வந்தவர்கள் அவர் காட்டிய பாடல்களோடு நின்றுவிடவில்லை. அவர் விலக்கியவற்றையும் படித்தனர். சிலர் அவரோடு வாதிடும் அளவுக்கும் படித்தனர்.

இனி இக்கால முறைக்கு வருவோம். தென்காசியிற் பயிலும் மாணவன் ஒருவன் சிற்றாற்றைப் பற்றிக் கட்டுரை எழுதித் தன் வலைப்பூவில் வெளியிட்டான் என்று கொள்வோம். அவன் இரண்டு வகையாக நிலைத்தகவல் எழுதலாம். "சிற்றாறு பற்றிய என் அருமையான கட்டுரை! படித்தால் வியப்பீர்கள்!" என்பது ஒருவகை. "குற்றாலத்தில் நம் தலையில் விழும் நீர், சீவலப்பேரிக்கு அருகில் தாமிரவருணியோடு கலக்கின்றது. கலக்கும் முன் அது எந்தெந்த ஊர்க் குளங்களை நிரப்புகின்றது என்று எழுதியிருக்கிறேன்" என்பது மற்றொரு வகை. முதலாவதில் ஒரு செய்தியும் இல்லை. எழுதியவன் தன்னைத் தானே புகழ்ந்ததும், பொருளை மறைத்து ஆவலைத் தூண்டியதுமே உள்ளன. இரண்டாவதைப் படித்தவன் கட்டுரைக்குப் போகாவிட்டாலும் ஓர் உண்மையை அறிந்துகொண்டான். போனவனோ தன் ஊர்க்குளத்தின் பெயர் அதில் இருக்கின்றதா என்று பார்க்கப் போகின்றான். மறைத்து அழைக்கும் முறைக்கு முதல்நாள் கூட்டம் வருவது உண்மை. பொட்டலத்தைப் பிரித்து உள்ளே ஒன்றும் இல்லையென்று கண்டவன் மறுமுறை அக்கடைப் பக்கம் வருவதில்லை.

ஒரே செய்தியை ஒரு நாளிற் பலமுறை இடுதலும் வேண்டா. ஒரு நீண்ட கட்டுரையில் ஐந்தாறு நல்ல இடங்கள் இருக்குமாயின், ஒவ்வொரு நாளைக்கு ஒன்றாக அவற்றை எடுத்துக் காட்டலாம். இன்று அணைக்கட்டைப் பற்றிய செய்தி; நாளை குளத்து மீனைப் பற்றிய செய்தி. உழவர்க்கு ஒன்று சுவைக்கும். மாணவர்க்கு மற்றொன்று சுவைக்கும். பாயிரத்திற் கேட்போரைச் சொல்ல வேண்டும் என்றது இதனை நோக்கியே. எவரேனும் ஐயம் கேட்டு எழுதினால் விடை எழுதுதல் இன்றியமையாதது. விடை பெற்றவனே அடுத்த முறை தானாகப் பகிர்வான். 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்மணம் என்னும் இணையதளம், தமிழ் வலைப்பூக்களில் புதிதாக வந்தவற்றின் தலைப்பையும் தொடக்க வரிகள் சிலவற்றையும் ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. அதனைக் கண்டவர்கள் தலைப்பாலும் அச்சில வரிகளாலுமே எதனைப் படிப்பதென்று முடிவு செய்தனர். தொடக்க வரியில் வணக்கமும் நலம் வினவுதலும் எழுதியவர்கள் அங்கே எத்தனை படிப்பாரை இழந்தனரோ!

இவை யாவற்றினும் மேலானது ஒன்று உண்டு. அதனைக் குற்றாலத்தாரைப் போல் அறிந்தவர் இலர். சீசன் காலத்தில், "பேரருவியில் நீர் நன்றாக விழுகின்றது, ஐந்தருவியிற் கூட்டம் குறைவு" என்று உள்ளூரார் இடும் நிலைத்தகவலை நம்பியே மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குடும்பங்கள் வண்டி ஏறுகின்றன. சென்ற ஆண்டுப் படத்தை இன்றைய படம்போல இடுபவனும் உண்டு. வந்து பாறையைப் பார்த்து நிற்பவர்கள் பிறகு அவன் சொல் எதனையும் நம்புவதில்லை. மலையில் மழை பெய்தால் அருவியில் நீர் சிறிது நேரத்தில் வெள்ளமாக மாறும். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, பள்ளி மாணவன் ஒருவன் உயிர் இழந்தான். அத்தகைய நாளில் குளிக்கத் தடை என்று உடனே அறிவிக்கும் சிறு குறிப்பு எத்தனையோ பேரை வழியிலேயே நிறுத்தும். அதனை நம்பி நிற்கின்றார்களா என்பது, அதே மனிதன் அதற்கு முன் எழுதிய நூறு குறிப்புகளும் மெய்யாக இருந்தனவா என்பதைப் பொறுத்தது.

ஆவணி கழிந்தால் சாரல் ஓயும். பேரருவி மெலிந்து, கயிறுபோல் இழையும். கடைகள் மூடப்படும். நிலைத்தகவல்களும் அவ்வாறே ஒருநாள் நின்று மறைந்துவிடும். சிற்றாற்றைப் பற்றி அம்மாணவன் எழுதிய கட்டுரை மட்டும் வலைப்பூவில் இருந்தபடியே இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, குளத்துக்கு நீர் வரவில்லையே என்று எவனோ ஓர் உழவன் மகன் கைப்பேசியில் அக்குளத்தின் பெயரை இட்டுத் தேடும்போது, யாரும் அறிவிக்காமலே அக்கட்டுரை அவன் கண்ணிற் படும்.